நான் வெட்டிய வரி

டச்சு மொழியில் 'கட்டமரான்' என்றொரு சொல் உண்டு. ஒடுக்கமான இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவில் பாய்மரம் நட்ட படகுக்கு அங்கே அந்தப் பெயர். நெதர்லாந்தின் வடமேற்கே டெக்ஸல் தீவைச் சுற்றி 1978 முதல் நடந்துவரும் கட்டமரான் போட்டி உலகப் புகழ் பெற்றது. இந்தச் சொல்லின் பிறப்பை அந்நாட்டு அகராதிகள் மிகச் சுருக்கமாகச் சொல்கின்றன: ஆங்கிலத்திலிருந்து கடன் பெற்றது, ஆங்கிலம் தமிழிலிருந்து பெற்றது, தமிழில் கட்டு, மரம் என்ற இரண்டும் சேர்ந்த சொல். இதில் 'ஆங்கிலத்திலிருந்து' என்ற பகுதியை நான் வெட்டினேன். வெட்டியபின் மிஞ்சியதை மேடையில் பேசினேன், பத்திரிகையில் எழுதினேன், வகுப்பில் பாடமாக நடத்தினேன். அகராதி என்ன சொல்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே வெட்டினேன்.

நாகப்பட்டினத்துக்கு அருகே, கடற்கரையை ஒட்டிய கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்தவன் நான். உலக மொழிகளில் தமிழ்ச் சொற்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு. ஊர் மன்றங்களிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் அந்தத் தலைப்பில் என்னைப் பேசக் கூப்பிடுவார்கள். எங்கள் பகுதியில் டச்சுக்காரர்களின் கதையைச் சொல்ல ஆதாரம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. 1658-இல் போர்த்துகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1781-இல் ஆங்கிலேயரிடம் இழந்தார்கள். அதற்கும் முன்பே, 1613-இல், பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிவிட்டிருந்தார்கள். சதுரங்கப்பட்டினத்தில் அவர்கள் கோட்டையின் மதில்கள் இன்னும் கடலைப் பார்த்து நிற்கின்றன.

இந்த ஆண்டுகளை வைத்து நான் ஒரு கதை கட்டினேன். டச்சுக் கப்பல் நம் கரைக்கு வருகிறது. மாலுமிகள் நம் மீனவரின் கட்டுமரத்தைப் பார்க்கிறார்கள். அலையை அது மீறும் விதத்தைக் கண்டு வியந்து, பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அந்தப் பெயர் மிளகோடும் துணியோடும் ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேருகிறது. இடையில் யாரும் இல்லை. நாகப்பட்டினத்திலிருந்து நேராக ஆம்ஸ்டர்டாம். இதைச் சொல்லும்போது அரங்கில் எழும் கைதட்டலுக்கு நான் பழகிப்போயிருந்தேன். கதைக்குப் பக்கபலமாக மூன்று டச்சு நூல்களின் பெயர்களையும் அடுக்குவேன்: பழவேற்காட்டில் இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸின் 1651-ஆம் ஆண்டு நூல், பிலிப்பஸ் பால்டேயஸின் 1672-ஆம் ஆண்டு நூல், டேனியல் ஹாவர்ட்டின் 1693-ஆம் ஆண்டு நூல். மூன்றும் சோழமண்டலக் கரையைப் பற்றிப் பேசுபவை என்பது உண்மை. அவற்றில் ஒன்றின் ஒரு பக்கத்தைக்கூட நான் படித்ததில்லை என்பதும் உண்மை. எனக்கு டச்சு மொழி தெரியாது. பெயரும் ஆண்டும் சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

ஹேக் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் என் கட்டுரையைப் படித்துவிட்டு, அங்குள்ள சொற்பிறப்பு அகராதியின் அந்தப் பதிவை வரிக்கு வரி மொழிபெயர்த்து அனுப்பியிருந்தார். கண்டிக்கும் தொனி அதில் இல்லை. உங்களுக்குப் பயன்படும் என்று மட்டும் எழுதியிருந்தார். நன்றி சொல்லிப் பதில் போட்டேன். அடுத்த கட்டுரையில், டச்சு அகராதியே இதைத் தமிழ்ச் சொல் என்று ஒப்புக்கொள்கிறது என்று எழுதினேன். அகராதி அப்படிச் சொல்வது மெய்தான். ஆனால் அது ஆங்கிலம் வழியே வந்தது என்றும் சொல்கிறதே, அந்த வரியை நான் எழுதவில்லை. பொய்யாக ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு சான்றின் பாதியை மறைத்துவிட்டு மறுபாதியைக் காட்டுவது முழுப் பொய்யைவிடத் தீங்கானது என்று இன்று நினைக்கிறேன். முழுப் பொய்யை யாராவது சரிபார்த்துப் பிடித்துவிடலாம். என்னுடையதைச் சரிபார்க்கப் போகிறவருக்கு, அகராதியில் தமிழ் என்று இருப்பது கண்ணில் பட்டதுமே மனம் நிறைந்துவிடும்.

ஆங்கிலம் வழியே வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? இந்தக் கேள்வியைப் பல நாள் என்னையே கேட்டுப் பார்த்திருக்கிறேன். நம்முடையது எதுவானாலும் உலகம் அதை ஆங்கிலத்தின் வழியாகவே பார்க்கிறது என்ற மனக்குறை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. நம் இலக்கியம் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டால்தான் வெளியே தெரிகிறது. நம் ஊர்ப் பெயர்களே ஆங்கிலேயர் உச்சரித்தபடிதான் வரைபடத்தில் ஏறின. ஒரு சொல்லாவது அந்த வாசலைத் தொடாமல் ஐரோப்பாவுக்குப் போயிருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். அந்த ஆசையில் தவறில்லை. ஆசைக்காக ஒரு சொல் வந்த வழியையே மாற்றிச் சொன்னேனே, அதுதான் தவறு.

அந்த வழியை இப்போது எனக்குத் தெரிந்தவரை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலேயர் கோட்டை கட்டுவதற்கு முன்பே இந்தச் சொல் ஐரோப்பியர் காதில் விழுந்துவிட்டது. வெனிஸ் நகரத்து நகை வணிகர் காஸ்பரோ பால்பி 1583-இல் மயிலாப்பூர்க் கரையில் கட்டுமரத்தைப் பார்த்து, ஏழு மரங்கள் எப்படிச் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன என்று விவரித்து, இத்தாலிய வாய்க்கு ஏற்ப 'கடமெரோனி' என்று குறித்து வைத்தார். நம் சொல்லின் கடைசி மகரம் அப்போதே னகரமாகத் திரிந்துவிட்டது. 1673-இல் இந்தக் கரையோரம் வந்த ஆங்கில மருத்துவர் ஜான் ஃப்ரையரும் இந்தப் பெயரை எழுதினார். 1697-இல் வெளிவந்த வில்லியம் டாம்பியரின் பயண நூல் இதை ஆங்கில வாசகர்களிடையே பரப்பியது. ஓரிரு கட்டைகள், மேலே ஒரே ஒரு ஆள், அவன் கால்கள் எப்போதும் தண்ணீரில் என்பதுதான் டாம்பியர் தரும் சித்திரம். இரட்டை உடல் என்ற பேச்சே இவர்கள் யாரிடமும் இல்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் வேரூன்றியதற்கு வலுவான காரணம் சென்னைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செயற்கைத் துறைமுகம் எழும்வரை சென்னைக்கு ஒதுங்க இடமில்லாத திறந்த கடல்தான். கப்பல்கள் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். கரையை ஒட்டி அலைகள் வரிசை வரிசையாக உடையும். ஐரோப்பியப் படகு எதுவும் அதைத் தாண்ட முடியாது. ஆட்களும் சரக்கும் தைத்த பலகைப் படகில் கரை சேர்ந்தார்கள். கடல் அதற்கும் இடம் கொடுக்காத நாட்களில் கட்டுமரக்காரர்கள்தான் கப்பலுக்கும் கரைக்கும் இடையே போய்வந்தார்கள். கடிதங்களை ஓலையால் செய்த கூம்புத் தொப்பிக்குள் நனையாமல் வைத்துக்கொண்டு, அலை கவிழ்த்தால் நீந்தி மரத்தைப் பிடித்து ஏறி, கப்பலின் பக்கவாட்டில் போய் நிற்பார்கள். இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கடலில் மிதந்து வந்த ஒருவர் சென்னையில் முதலில் பார்த்த மனிதர் பெரும்பாலும் ஒரு கட்டுமரக்காரராகத்தான் இருந்திருப்பார். அந்தக் காலத்துப் பயணக் குறிப்புகளிலும் ஓவியங்களிலும் கட்டுமரம் இவ்வளவு அடிக்கடி வருவதற்கு இதுதான் காரணம். சொல்லை ஆங்கிலத்துக்குள் ஏற்றியவர்கள் புலவர்களோ அதிகாரிகளோ அல்லர். பெயர் எழுதப்படாத அந்த மீனவர்கள்தான். நான் 'ஆங்கிலம்' என்ற சொல்லை வெட்டியபோது, ஆங்கிலத்துக்குள் அதைக் கொண்டு சேர்த்த அவர்களையும் சேர்த்தே வெட்டினேன். இந்த எண்ணம் எனக்கு மிகவும் தாமதமாக வந்தது.

ஆங்கிலத்துக்குள் போன சொல் சும்மா இருக்கவில்லை. எந்தக் கடலில் எந்தத் தெப்பத்தைக் கண்டாலும் ஆங்கில மாலுமி அதைக் கட்டமரான் என்றான். 1804-இல் நெப்போலியனின் படகுகளை எரிக்க பூலோன் துறைமுகத்துக்கு ஆங்கிலக் கடற்படை மிதக்கவிட்ட வெடிமருந்துப் பெட்டிகளுக்குக்கூட இந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு 1876-இல் அமெரிக்கப் படகுக் கலைஞர் நத்தானியேல் ஹெரஷாஃப், இரண்டு உடல்கள் கொண்ட 'அமரில்லிஸ்' என்ற பாய்ப்படகைக் கட்டி நியூயார்க் போட்டியில் இறக்கினார். அது மற்றப் படகுகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளியது. அதனாலேயே போட்டிகளிலிருந்து விலக்கி வைக்கப்பட்டது. அந்த வகைப் படகுக்கு நம் சொல் நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டில் அது விளையாட்டாக வளர்ந்தது. இரட்டை உடல் கொண்ட டொர்னாடோ வகை 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இன்றைய டச்சுக்காரர் கட்டமரான் என்னும்போது மனத்தில் வருவது இந்தப் படகுதான். சொல்லும் பொருளும் ஆங்கிலத்தில் ஒன்று சேர்ந்து, சேர்ந்தபடியே டச்சுக்குள் நுழைந்தன. அகராதிகள் ஆங்கிலக் கடன் என்று எழுதுவது இதனால்தான்.

நாகப்பட்டினத்திலும் பழவேற்காட்டிலும் இருந்த டச்சுக் கணக்கர்கள் இந்தச் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார்களா என்றால், நிச்சயம் கேட்டிருப்பார்கள். தினமும் கண்ணெதிரே ஓடிய கலத்துக்கு ஏதோ ஒரு பெயர் சொல்லித்தானே ஆகவேண்டும்? நண்பரின் கடிதம் வந்தபிறகு நான் புகுந்துகொண்ட பொந்து இதுதான். அவர்கள் கேட்கவில்லை என்று நிரூபிக்க முடியுமா என்று எதிர்க்கேள்வி போடுவேன். நிரூபிக்க வேண்டிய பாரம் என்னுடையது. அதை எதிராளியின் தலையில் தூக்கி வைத்தேன். ஒரு கரையில் சில எழுத்தர்கள் ஒரு சொல்லைப் புழங்குவது வேறு, கோடிக்கணக்கானோர் பேசும் மொழியில் அது குடியேறுவது வேறு. இந்த வேறுபாட்டை முதலாமாண்டு மாணவனுக்கே கற்றுக்கொடுக்கிறவன் நான்.

டச்சுக்காரர்கள் உண்மையில் எங்கிருந்து சொற்களை வாரிக்கொண்டார்கள் என்று பார்த்தாலே என் கதை நிற்காது என்பது தெரியும். நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் வேர்விட்ட இடம் இந்தோனேசியத் தீவுகள். அங்கே பேசப்பட்ட மலாய் மொழி டச்சுக்குள் ஆழமாக இறங்கியது. மனம் உளைவதைக் குறிக்கும் டச்சு வினைச்சொல் 'பீக்கரன்' மலாயின் 'பிக்கிர்' என்பதிலிருந்து வந்தது. கடைக்கு 'டோகோ', துணிச்சல் காட்டுவதற்கு 'பிரானி' என்பவையும் அப்படி வந்தவையே. படகுக்குக்கூட 'ப்ராவ்' என்று மலாய்ச் சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். நம் கரையில் அவர்களுக்கு வாணிபம் இருந்தது, கோட்டை இருந்தது, கல்லறைத் தோட்டம் இருந்தது. ஆனால் 1824 ஒப்பந்தப்படி அடுத்த ஆண்டே பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சொற்கள் அதிகம் போனது எதிர்த்திசையில்தான். காசைத் துட்டு என்கிறோமே, அது 'டௌட்' என்ற டச்சு நாணயத்தின் பெயர். யாழ்ப்பாணத்தார் அலுவலகத்தைக் கந்தோர் என்பதும் பீன்ஸைப் போஞ்சி என்பதும் டச்சிலிருந்து பெற்றவை. இவற்றை நான் மேடையில் சொன்னதே இல்லை. வாங்கிய கணக்கை மறைத்துக் கொடுத்த கணக்கை மட்டும் வாசித்தேன்.

இதுவரை சொன்னதை ஒரு புலமைத் தவறு என்று யாராவது மன்னித்துவிடலாம். மன்னிக்கக் கூடாத ஒன்று இருக்கிறது.

என் வகுப்பில் மீனவக் குடும்பத்துப் பையன் ஒருவன் படித்தான். அவன் அப்பா கட்டுமரத்தில் தொழில் செய்தவர். அவர்கள் அதைக் கட்டுமரம் என்றுகூடச் சொல்வதில்லை, வெறும் 'மரம்'தான். ஒருநாள் நான் டச்சுக் கதையைச் சொல்லி, இரண்டு உடல் கொண்ட படகை உலகுக்குக் கொடுத்தவன் தமிழன் என்று முடித்தேன். அவன் எழுந்து நின்றான்.

"ஐயா, எங்க மரத்துக்கு ரெண்டு ஒடம்பு கெடையாதுங்களே. எல்லாத்தையும் ஒட்டவச்சு ஒண்ணாத்தானே கட்டுவோம்? நடுவுல எடம் விட்டா மரம் நிக்காதுங்க."

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்தது. அவன் சொன்னது முற்றிலும் சரி. கட்டுமரம் என்பது செதுக்கிய கட்டைகளை நெருக்கி வைத்துக் கயிற்றால் பிணைத்த ஒரே உடல். தண்ணீர் கட்டைகளின் இடுக்கு வழியே ஏறி இறங்கும்; உள்ளே நீர் நிரம்பி மூழ்க அதில் பள்ளமே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயவைத்து, மறுபடி கட்டிக்கொண்டு போவார்கள். கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என்று முக்காலமும் கரந்து நிற்கும் வினைத்தொகை அந்தச் சொல். நாள்தோறும் கட்டி அவிழ்க்கும் அந்தத் தொழிலை அறிந்தவர்களுக்குத்தான் அந்த இலக்கணம் உயிரோடு விளங்கும். இவற்றையெல்லாம் அவனிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியவன், அன்று அவனிடம் சொன்னது இதுதான்:

"உட்காருப்பா. உங்க குப்பத்துல இருக்கறது மட்டும்தான் உலகமா?"

அவன் உட்கார்ந்தான். பிறகு அவன் என்னிடமே ஆய்வு மாணவனாகச் சேர்ந்தான். கடற்சொற்கள் பற்றிய ஆய்வேடு. அதில் கட்டுமரம் பற்றிய பகுதியை அவன் ஒருவிதமாக எழுதிக் கொண்டுவந்தான்; நான் வேறுவிதமாகத் திருத்திக் கொடுத்தேன். டச்சுக்கு நேராகப் போன சொல், இரட்டை உடல் படகின் தாய் என்ற என் இரண்டு தவறுகளும் அவன் பெயரில் அச்சேறின. பட்டம் வேண்டுமென்றால் வழிகாட்டி சொன்னபடி எழுத வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். தன் அப்பா கட்டிய மரத்தைப் பற்றியே தப்பாக எழுதும்படி ஒரு பிள்ளையை வைத்தேன்.

அந்தத் திருத்தத்தால் இன்னொரு மக்களினத்துக்கும் அநீதி செய்தேன். இரண்டு உடல்களை இணைத்துப் பெருங்கடலைக் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினேசியர்கள். 1976-இல் 'ஹோகுலேயா' என்ற இரட்டை உடல் பாய்க்கலம் ஹவாயிலிருந்து தாஹிதிக்குக் கருவிகள் எதுவும் இல்லாமல், விண்மீனையும் அலையையும் பார்த்தே போய்ச் சேர்ந்தது. சடவால் தீவின் மாவ் பியாயிலுக் அதை வழிநடத்தினார். ஐரோப்பியர்கள் அந்த மக்களின் அறிவை நம்ப மறுத்ததற்கு அந்தப் பயணம் ஒரு பதில். அவர்களுடைய கலத்தின் மீது நம் சொல்லை ஒட்டியது ஆங்கிலம். ஒட்டிய பெயரை வைத்துக்கொண்டு கலமே நம்முடையது என்று சொன்னது நான். நம் பெருமையைப் பிறர் பறித்துக்கொண்டார்கள் என்று மேடைதோறும் முழங்கிய நானே இதைச் செய்தேன்.

இப்போது நாகைக் கரையில் மரம் அரிதாகிவிட்டது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன. மரம் கட்டத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. எந்தக் கட்டையை எந்த இடத்தில் வைப்பது, எந்த முடிச்சைப் போடுவது, ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் என்று அந்த முதியவர்களிடம் உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்க வேண்டிய காலத்தை நான் ஆம்ஸ்டர்டாமைப் பற்றிக் கற்பனை செய்து கழித்தேன். என்னிடம் படித்தவனின் வீட்டிலேயே அந்தச் சொற்கள் இருந்தன. நான் ஒருமுறைகூட அங்கே போகவில்லை.

அந்த மாணவனிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அவன் பெருந்தன்மையாக நடந்துகொண்டான். அதை இங்கே எழுதி எனக்கு ஆறுதல் தேடிக்கொள்ளப் போவதில்லை. அவன் ஆய்வேட்டின் அந்தப் பகுதி என் திருத்தம் என்றும், அவன் முதலில் எழுதியதே சரி என்றும் இங்கே பகிரங்கமாகப் பதிவு செய்கிறேன்.

என் கட்டுரைகளை நம்பிப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும், அவற்றிலிருந்து எடுத்து எழுதியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். டச்சுச் சொல்லான கட்டமரானை ஆங்கிலக் கடன் என்றே எழுதுங்கள். ஆங்கிலத்துக்கு அது தமிழிலிருந்து வந்தது என்பதை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். இரட்டை உடல் படகைப் பசிபிக் மக்களின் பெயரில் எழுதுங்கள். கடற்கரையில் பாடம் நடத்துகிறவர்கள், இந்த விடுமுறையிலேயே மாணவர்களை மரம் கட்டத் தெரிந்த முதியவர்களிடம் குறிப்பேட்டோடு அனுப்புங்கள்.